கன்னிமாருக்கு நான் கண் வைத்தது

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கன்னிமார் சுவரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடிக்கப் பல் இல்லை, அது வேறு விஷயம். போன திருவிழாவுக்குப் பதுளையிலிருந்து வந்த ஒரு சின்ன வயசு வாத்தியார் அந்தச் சுவரின் முன்னால் நின்று, இவ்வளவு பழைய சித்திரமா, யார் செய்தது என்று கேட்டார். கோயில் தலைவர் கொஞ்சமும் யோசிக்காமல், அந்தக் காலத்துப் பெரிய கங்காணி செய்தது என்றார். செய்ததாம். அந்த மனிதனுக்குச் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பொங்கலை இலையோடு கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பொங்கல் நன்றாக இருந்தது. அதைத் தின்னவிடாமல் செய்தாரே என்று அந்தக் கோபம் வேறு.

வரைந்தவள் என் சின்னம்மா. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி. கண்களை மட்டும் வைத்தவன் நான். அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்மன்காரன் முதல் சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது இது. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு வரவேண்டுமென்றால் மாட்டு வண்டி, அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் கால். எங்கள் தோட்டம் பசறைக்கும் மேலே. அங்கே வண்டியும் ஏறாது. ஒரு லயத்தில் பத்துக் காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் வெளிதான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். எங்கள் காம்பராவுக்கு அடுத்தது சின்னம்மாவின் காம்பரா. சித்தப்பா என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போனார். அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சின்னம்மா ஆறு நாள் கொழுந்து எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் வரைவாள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்கு அடுப்புக்கரி, மஞ்சளுக்கு மஞ்சளே. பச்சைக்கு அவரை இலையைக் கசக்கிப் பிழிவாள். நீலத்துக்குப் பசறையில் முஸ்லிம் நானா கடையில் விற்கும், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலக்கட்டி. அதை வாங்கச் சந்தைக்குப் போகிறவர்களோடு என்னைத்தான் அனுப்புவாள். நானா ஒவ்வொரு தடவையும், "ஏன்டா தம்பி, ஒங்க லயத்துல அவ்ளோ வெள்ளத் துணி ஏது?" என்று கேட்பார். எங்கள் லயத்தில் வெள்ளையாக இருந்தது பல் மட்டும்தான்.

அவள் வரைந்ததெல்லாம் பெண்களைத்தான். தண்ணீர் விழுகிற பீலியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிற பெண்கள். ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்க்கிற பெண்கள். மழையில் கம்பளியைத் தலைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற பெண்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். மாமியாருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அவளுக்குத் தெரியாமல் பின்னால் பழிப்புக் காட்டுகிற மருமகள். அவளுடைய காம்பராவுக்குள் நுழைந்தால் ஒரு கூட்டத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். லயத்துப் பெண்கள் வந்து நின்று, இது நீ, இது நான், இது அந்தச் சிறுக்கி என்று சிரித்துச் சிரித்துச் சாவார்கள். "ஆம்பளைய ஒருத்தனக்கூடக் காணோமேடி?" என்று ஒருத்தி கேட்டால், "மலையில கம்ப வச்சிக்கிட்டு நிக்கிறானுங்க. எறங்கி வந்தா வரையிறேன்" என்பாள்.

அம்மா மட்டும் வரமாட்டாள். அம்மாவும் சின்னம்மாவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சின்னம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒரு வயது. ஒருநாள் அதற்குக் காய்ச்சல். அன்றைக்கு அம்மை போட்டிருந்த எனக்காக அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். சின்னம்மா குழந்தையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு மலைக்குப் போனாள். உச்சி வெயிலில் குழந்தை இறந்துவிட்டது. பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்ட பிறகுதான் சின்னம்மாவுக்குச் செய்தி போனது. "என் புள்ள உசுரு போறப்ப ஒரு வார்த்த சொல்லி விடலியே" என்று அவள் கேட்ட கேள்வியோடு பேச்சு நின்றது. அம்மா அதற்குப் பதில் சொல்லவேயில்லை. அம்மா அப்படித்தான். கேள்வி அநியாயம் என்று பட்டால் செத்தாலும் பதில் சொல்லமாட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் வாய். அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, ஒங்க சின்னம்மா கஞ்சி குடிச்சிச்சான்னு கேட்டுட்டு வா" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அது தெளிவாகக் கேட்கும். நான் வெளியே போய், முன்திண்ணை இஸ்தோப்பில் நாலு அடி நடந்து, அடுத்த வாசலில் நுழைந்து, கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும். "குடிச்சாச்சுன்னு சொல்லு." மறுபடியும் நாலு அடி. இதில் எனக்கு வரும்படியும் இருந்தது. சின்னம்மா கருப்பட்டி கேட்டதாகச் சொல்லி அம்மாவிடம் வாங்கி, அந்த நாலு அடிக்குள் தின்றுவிடுவேன். அதுவும் சுவர் வழியாகக் கேட்டிருக்கும். இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

அந்த வருஷம், எங்களையெல்லாம் கப்பலேற்றிக் கூட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணி மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் கன்னிமாருக்கு ஒரு சின்னக் கட்டடம் போட்டார். கன்னிமார் ஏழு பேர். ஏழும் அக்கா தங்கச்சி. தண்ணீர் இருக்கிற இடத்தில் குடியிருப்பவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் ஏழு கல் வைத்துக் கும்பிடுவார்கள். கங்காணிக்குக் கல் போதவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி சுதை வேலையில் கோபுரம் வைத்துவிட்டார் என்று இவருக்கு ஒரே எரிச்சல். சுதை செய்கிறவர்கள் ஊரிலிருந்து கப்பலில் வரவேண்டும். சின்னம்மா தோட்டத்தில் இருக்கிறாள். அவளைப் பிரட்டுக் களத்தில், எல்லோரும் வேலைக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் கூப்பிட்டு, "ஏ புள்ள, ஒன் காம்பராவுல கிறுக்குறியே, அத அங்க வந்து கிறுக்கு" என்றார்.

அவள் சந்தோஷப்பட்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஏழு கன்னிமாருக்கும் எங்கள் லயத்திலிருந்தே ஏழு பேரை எடுத்தாள். யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை. வரைய வரைய அவரவருக்குத் தெரிந்தது. பாறையின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவள் எங்களையெல்லாம் உலகத்துக்கு இழுத்துப் போட்ட மருத்துவச்சி. அவளுடைய மடியில் தலை வைத்துப் படுத்திருப்பவள் அப்போதுதான் கப்பல் இறங்கி வந்த புதுப்பெண். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை சீவிவிடுகிறாள். அவர்கள் ஒரே புருஷனைக் கட்டிய மூத்தவளும் இளையவளும். இடுப்பில் குடத்தோடு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவள் எங்கள் லயத்து நொண்டி அக்கா. கடைசியில் இரண்டு பேர். ஒருத்தி தூங்குகிற ஒரு கைக்குழந்தையை நீட்டுகிறாள், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நீட்டுகிறாள். இன்னொருத்தி கையை நீட்டி நிற்கிறாள்.

கங்காணி பார்க்க வந்தார். "கன்னிக்கு ஏதுடி புள்ள?" என்றார்.

சின்னம்மா பேசுவதற்குள் மருத்துவச்சி, "தண்ணிக்கு வந்த எடத்துல எவளோ பாத்துக்கச் சொல்லிட்டுப் போன புள்ளைங்கய்யா. பொட்டச்சிங்க நாலு பேரு நின்னா அதுல ஒண்ணு கையில புள்ள இல்லாம இருக்குமா?" என்றாள். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கண்களை மட்டும் அவள் வைக்கவில்லை. சாமி சித்திரத்தில் கண் கடைசியில்தான் வைக்கவேண்டும். நாள் பார்த்து, பூசை போட்டு வைக்கவேண்டும். அதற்குக் கண் திறப்பு என்று பேர். அதனால் முகம் தெரிந்த ஆறு பேருக்கும் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மட்டும் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் லயத்துப் பெண்களுக்கு அதில்தான் ஆசை. சாயந்தரம் வேலை விட்டதும் வந்து நின்று, "எனக்கு எங்கடி பாக்குற மாதிரி வைப்ப?" என்று கேட்பார்கள். இளையவள் மெதுவாக வந்து, மூத்தவளுக்குக் கேட்காமல், "நான் அக்காவப் பாக்குற மாதிரி வையி. மொறைக்கிற மாதிரி இல்ல. சும்மா பாக்குற மாதிரி" என்று கேட்டுவிட்டுப் போனதை நானே கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நொண்டி அக்கா வந்தாள். குடத்தை எப்படிப் பிடிப்பாள் என்று பார்க்கச் சின்னம்மா அவளை நிற்கச் சொன்னாள். நின்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மஞ்சளைத் தின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கக்கா சொல்லித்தான் விட்டா புள்ள" என்றாள். "என்னத்தான் மலைக்கு அனுப்பிச்சா. நான் இந்தக் காலையும் இழுத்துக்கிட்டு ஏறி வந்து பெரிய கங்காணிகிட்ட சொன்னேன். கொழுந்து நிறுத்து முடியட்டும், கொழுந்து நிக்கிற நேரத்துல ஒப்பாரி வைக்கக் கூடாதுன்னுட்டான். மீறிச் சொன்னா எங்களத் தோட்டத்த விட்டே தொரத்திருவேன்னான். அக்காகிட்டயும் அதச் சொல்லல. ஒங்கிட்டயும் சொல்லல. ரெண்டு வருசமா எனக்குச் சோறு எறங்கல."

நொண்டி அக்கா போன பிறகு சின்னம்மா ஒரு துணியை நனைத்துக் கடைசிக்கு முந்தின பெண்ணின் முதுகை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சுவர் சேறாக ஒழுகியது. அன்றைக்கே அந்தப் பெண்ணைத் திருப்பி வரைந்தாள். இப்போது அவளுக்கு முகம் வந்துவிட்டது, அம்மாவின் முகம். கண் மட்டும் இல்லை.

அப்போதே வீட்டுக்கு ஓடி வந்து அக்கா என்று கூப்பிட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். இரண்டு வருஷம் பேசாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று தெரியாமலே இன்னும் இரண்டு வருஷம் போய்விடும். அவளுக்குக் கை இருந்தது. கையால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இன்னும் முதுகுதானா?"

"இல்லம்மா. இப்ப மூஞ்சி இருக்கு. கண்ணுதான் இல்ல."

ரொட்டி கல்லில் கருகியது. அம்மா கருகவிடுகிறவள் இல்லை. "எந்தப் பக்கம் பாக்குற மாதிரி வைப்பாளாம்?" என்றாள். கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன். "வேணாம். வைக்கட்டும், பாத்துக்குறேன்" என்றாள்.

கண் திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது கங்காணி பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பூசாரி வாரத்தில் ஆறு நாள் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவார், ஏழாம் நாள் சாமி ஆடுவார். ஏழாம் நாள்தான் அவருக்கு உடம்பு வலிக்கும்.

"கண்ணு நீ தொறக்கக் கூடாது" என்றார் கங்காணி.

"இம்புட்டையும் நாந்தானுங்கய்யா வரைஞ்சேன்."

"வரைஞ்ச. கண்ணு தொறக்குற வரைக்கும் இது செவுரு. செவுத்த யாரு வேணா தொடலாம், வரட்டி தட்டுறதுன்னாலும் நீ தட்டலாம். தொறந்துட்டா சாமி. சாமிய பொம்பள தொட்டா தீட்டு. தொரை வர்றாரு, நாலு தோட்டத்துக் கங்காணிமாரு வர்றாங்க. ஒன் தலையில பரிவட்டம் கட்டி நிப்பாட்டச் சொல்றியா?"

"எனக்குப் பரிவட்டம் வேணாமுங்க. கண்ண மட்டும் வச்சிட்டுப் போயிடறேன். யாரும் இல்லாத நேரத்துல வைக்கிறேன்."

"பேச்சு முடிஞ்சிருச்சு."

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. காது கேட்காததால் கத்துகிறேன் என்று மருமகள் சொல்கிறாள். அவள் சொல்லட்டும்.

பிறகு யார் கண் திறப்பது? திறக்கிற ஆம்பளை நாற்பத்தெட்டு நாள் சாராயத்தைத் தொட்டிருக்கக் கூடாது என்றார் பூசாரி. ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கங்காணி பூசாரியைப் பார்த்தார். பூசாரி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கடைசியில் பால்பல் விழாத ஆண்பிள்ளை என்றால் விரதம் வேண்டாம் என்று முடிவானது. "இவ அக்கா மவன் இருக்கானே. ஒன் வீட்டுப் புள்ளதானே, நீ வச்ச மாதிரிதான்" என்று கங்காணி சின்னம்மாவுக்கு நியாயம் சொன்னார்.

என்னைக் கூப்பிட்டு, சந்தையில் கன்றுக்குட்டிக்குப் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்து பார்த்தார். கீழ் வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். நான் நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன். புது வேட்டி கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் சின்னம்மா என்னைத் தன் காம்பராவில் உட்கார வைத்தாள். தரையில் கரியால் கண் கண்ணாக வரைந்தாள், பொட்டு இல்லாமல். "பொட்டு எந்த மூலையில விழுதோ, அந்தப் பக்கம் பாக்கும். பாருடா" என்று ஒன்றை வைத்துக் காட்டினாள். தரையில் இருந்த கண் சட்டென்று என்னை விட்டு அடுப்பைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மருத்துவச்சிக்குக் கீழே, மடியில் உள்ள பெண்ணைப் பார்க்கிற மாதிரி. இளையவளுக்கு மேலே ஓரத்தில், சீவிவிடுகிறவளைப் பார்க்கிற மாதிரி. நொண்டி அக்கா எங்கள் அம்மாவைப் பார்க்கவேண்டும். கடைசி இரண்டு பேருக்கு வந்ததும் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கம்மா கண்ணு என்னப் பாக்கணும். என் கண்ணு ஒங்கம்மாவப் பாக்கணும். ரெண்டு பேரும் புள்ளையப் பாக்கக் கூடாது. புள்ள தூங்குது. வெளங்குச்சா?"

விளங்கியது என்றேன். மூன்று நாள் தரையில் பொட்டு வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுகூட வைப்பேன். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த மூன்று நாளும் அம்மா உரலில் எதையும் இடிக்கவில்லை.

கண் திறப்பு அன்று பெண்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். உள்ளே பூசாரி, கங்காணிமார், வாசலில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரத் துரை. என்னைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, தலையில் பரிவட்டம் கட்டி, கையில் மையும் ஈர்க்கும் கொடுத்தார்கள். ஒரு முக்காலி போட்டு ஏறச் சொன்னார்கள். முதலில் மருத்துவச்சி. சின்னம்மா சொன்ன மாதிரியே கீழே பார்த்து, மூலையில் இரண்டு பொட்டு வைத்தேன். அழகாகக் கீழே பார்த்தாள்.

"என்னடா இது, சாமிக்கு மாறுகண்ணு?" என்றார் எங்கள் கங்காணி.

வந்திருந்த கங்காணிகளில் ஒருவர், "இந்தத் தோட்டத்துக் கன்னிக்கு மப்பு ஏறிருச்சு போல, கண்ணு சொருகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். துரையும், என்னவென்று தெரியாமலே, சிரித்தார்.

முக்காலியில் நின்ற எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. கங்காணி கிட்ட வந்து, "நடுவுல வைடா. சாமி நம்மளப் பாக்க வேணாமா?" என்றார். சின்னம்மா சொன்னாள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருத்துவச்சியின் பொட்டை இழுத்துப் பெரிதாக்கி நடுவுக்குக் கொண்டுவந்தேன். அடுத்தவளுக்கு நடுவில் வைத்தேன். அதற்கடுத்தவளுக்கும் நடுவில். அம்மாவுக்கு நடுவில், சின்னம்மாவுக்கு நடுவில். மூன்று நாள் பழகிய கை, ஒன்றுகூடப் பிசகவில்லை. கொஞ்சமாவது நடுங்கியிருக்கக்கூடாதா என்றுதான் அந்தக் கையின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம். "பலே" என்றார் கங்காணி. நான் முக்காலியிலிருந்து இறங்கும்போது ஏழு பெண்களும், ஒருத்தி மடியில் ஒருத்தி படுத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி தலை சீவிக்கொண்டு, வாசலில் நின்ற கங்காணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாகிற வரைக்கும் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களையெல்லாம் அங்கே கூட்டிப்போய், இந்தப் பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கம் நகர்ந்து, "எங்க நின்னாலும் என்னையே பாக்குறாளுங்க, பாத்தீங்களா?" என்பார். வருஷா வருஷம் யாராவது ஒருவர் மேலே மேலே வர்ணம் பூசுகிறார்கள். சேலையின் நிறம் மாறிவிட்டது, நகை ஏறிவிட்டது. கண் மட்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

பூசை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துப் பெண்களை விட்டார்கள். மருத்துவச்சி, "ஆத்தாடி, எனக்குப் பேயறைஞ்ச மாதிரில இருக்கு" என்றாள். இளையவள், "அக்கா எனக்குச் சீவிவிடுறா, நான் எவனடி பாக்குறேன்?" என்று கேட்டுவிட்டு யாரும் சிரிக்காததைப் பார்த்து நகர்ந்துவிட்டாள். நொண்டி அக்கா வாசலோடு திரும்பிவிட்டாள். அம்மா கடைசியில் வந்தாள். ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். கும்பிடவில்லை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னம்மா உள்ளே வரவேயில்லை. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நேரே அவளிடம்தான் போனேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்ன மாதிரி வச்சியா?"

"இல்ல சின்னம்மா. நேரா வச்சிட்டேன். ஓரக்கண்ணு சாமிக்கு ஆகாதாம். கங்காணியே பலேன்னாரு."

"நேரான்னா?"

"நடுவுல. பதினாலு பொட்டும் நடுவுல. ஒண்ணுகூடக் கோணல."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஒங்கம்மா யாரப் பாக்குறா?"

"கங்காணியத்தான். எல்லாரும் அவரத்தான் பாக்குறாங்க."

அறைந்தாள். அவள் என்னை அதற்கு முன்னால் தொட்டு அடித்ததே இல்லை. பழம் இஸ்தோப்பெல்லாம் சிதறியது. ஆடிக்கொண்டிருந்த பல் அப்போதுதான் விழுந்தது. வாயெல்லாம் இரத்தம். நான் ஊளையிட்டுக்கொண்டே எங்கள் காம்பராவுக்கு ஓடினேன். என் மேல் யார் கை வைத்தாலும் லயத்தையே தெருவுக்குக் கூட்டிவிடுகிறவள் என் அம்மா. ஒரு தடவை கணக்கப்பிள்ளையின் மகன் என்னைத் தள்ளிவிட்டதற்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினவள்.

"சின்னம்மா அடிச்சிருச்சும்மா!" என்று இரத்தத்தைக் காட்டினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிற குரலில், "ஒண்ணோட ஏன் விட்ட தங்கச்சி? அடுத்த கன்னம் சும்மாதான இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கத்தில் முறம் அசைகிற சத்தம் நின்றது.

"எனக்குக் கை நோவுதுக்கா" என்றாள் சின்னம்மா. "நீ குடு."

அம்மா கொடுத்தாள்.

நான் வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன். உள்ளே அவர்கள் சுவர் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் என்னைத் திட்டினார்கள். பிறகு கங்காணியைத் திட்டினார்கள், அவருடைய தாயை, தகப்பனை, அவர் கட்டிய கோயிலை. குரல் ஏறிக்கொண்டே போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா எழுந்து, என்னைத் தாண்டி, எங்கள் வாசலுக்குள் போனாள். இரண்டு வருஷமாக மிதிக்காத வாசல். எனக்கு அதெல்லாம் கணக்கில் படவில்லை. சாமிக்குக் கண் திறந்துவிட்டு வந்த ஒரு ஆம்பளையை இரண்டு பொம்பளைகள் சேர்ந்துகொண்டு அடித்துவிட்டார்கள், ஒருத்திகூடக் காரணம் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டேன். இருக்கட்டும், விடிந்ததும் பிரட்டுக் களத்துக்குப் போய்ப் பெரிய கங்காணியிடம் சொல்லிவிடுகிறேன், அவர் நியாயம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.